இரண்டு கார் இடத்தை ஒரே கார் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

காலையில் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கீழே வருகிறீர்கள். பக்கத்துக் கார் கோட்டைத் தாண்டி உங்கள் பக்கம் நிற்கிறது. டிரைவர் பக்கக் கதவு ஒரு சாண்கூடத் திறக்கவில்லை. இடதுபக்கமாக ஏறி, கியரைத் தாண்டிக் காலை மடக்கி, ஸ்டியரிங்கில் முட்டியை இடித்துக்கொண்டு உட்கார்ந்து வண்டியை எடுக்கிறீர்கள். ஒருநாள் என்றால் பரவாயில்லை, வாரத்தில் நாலு நாள் இப்படி என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

நான் சென்னையில் 48 வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். அசோசியேஷன் கமிட்டியில் இரண்டு வருடம் பார்க்கிங் என் பொறுப்பில் இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே விஷயம்தான், ஒருத்தர் கார் இரண்டு ஸ்லாட்டில் நிற்கிறது என்பது. அதில் வேண்டுமென்றே அடாவடி செய்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் வண்டி தள்ளி நிற்பதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தைச் சரிசெய்ததும் வண்டி கோட்டுக்குள் போய்விட்டது. அதனால் சண்டைக்குப் போவதற்கு முன்னால் காரணத்தைத் தேடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. எப்படித் தேடுவது, யாரிடம் எப்படிப் பேசுவது, பேசியும் கேட்கவில்லை என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், யார் வண்டி முதலில் நகர்ந்தது?

நீங்கள் காலையில் பார்க்கும்போது கோட்டைத் தாண்டி நிற்கிற கார்தான் தப்பு செய்த கார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வரிசையில் ஆறு ஸ்லாட் இருக்கிறது என்று வையுங்கள். சாயங்காலம் முதலில் வந்தவர் ஒன்றரை அடி வலப்பக்கம் தள்ளி விடுகிறார். அடுத்தவர் அவர் கதவுக்கு இடம் விட்டுத் தானும் தள்ளி விடுகிறார், அதற்கு அடுத்தவரும் அப்படியே. கடைசியில் நிற்கிற உங்களுக்கு இடமே இல்லை. மறுநாள் காலை 6 மணிக்கு அந்த முதல் ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், நீங்கள் 8 மணிக்கு இறங்கிவந்து பக்கத்தில் இருப்பவரைத் திட்டுகிறீர்கள். பாவம், அவரும் உங்களைப் போலவே மாட்டிக்கொண்டவர்.

அதனால் இரவு 10 மணிக்கு மேல், எல்லா வண்டியும் வந்து அடைந்த பிறகு ஒருமுறை கீழே போய் வரிசை முழுவதையும் பாருங்கள். மூன்று நாள் பார்த்தால் போதும், எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்துவிடும். வாட்ச்மேனிடம் கேட்டால் இன்னும் சீக்கிரம் தெரியும், யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், யார் எப்படி ரிவர்ஸ் எடுப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் அவரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். வாட்ச்மேன்தான் சொன்னார் என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால் அடுத்த மாதம் அவர் வேலைக்கு ஆபத்து.

போட்டோ எடுக்கும்போது வண்டியின் பின்பக்கம் குனிந்து நின்று, தரையில் உள்ள கோடும் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் கோடு எங்கே இருக்கிறது என்பதே தெரியாது, அப்புறம் அந்தப் படத்தைக் காட்டி ஒன்றும் பேச முடியாது. நாலைந்து வெவ்வேறு நாளில் எடுத்து வையுங்கள். இப்போதைக்கு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்

இதைப் பலர் செய்வதே இல்லை, ஆனால் பாதிச் சண்டையை இது குறைத்துவிடும். தமிழ்நாட்டின் கட்டட விதிகள்படி ஒரு கார் நிறுத்த வேண்டிய இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். கட்டி 15, 20 வருடம் ஆன கட்டடங்களில் தூண் கொஞ்சம் தின்றிருக்கும், பெயின்ட் அடித்தவர் கையோட்டமாகப் போட்ட கோடு கொஞ்சம் தின்றிருக்கும். எங்கள் வரிசையில் ஒரு ஸ்லாட் 2.3 மீட்டர்தான் இருந்தது, அதற்குப் பக்கத்து ஸ்லாட் 2.65. அளந்து பார்க்கும்வரை இது யாருக்கும் தெரியாது.

அடுத்து வண்டிகளின் அகலம். ஆல்ட்டோ கே10 அகலம் 1490 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட் 1735, இன்னோவா கிரிஸ்ட்டா 1830, எக்ஸ்யூவி 700 என்றால் 1890. பக்கக் கண்ணாடி இந்தக் கணக்கில் சேராது. இரண்டு ஆல்ட்டோ தத்தம் ஸ்லாட்டில் நட்டநடுவில் நின்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி இருக்கும். அதே இடத்தில் ஒரு ஸ்விஃப்ட்டும் ஒரு எக்ஸ்யூவி 700-உம் நின்றால், இரண்டு பேரும் சரியாகவே விட்டிருந்தாலும், நடுவில் 69 சென்டிமீட்டர்தான். பெரிய வண்டி ஒரு ஸ்கேல் அளவு, 30 சென்டிமீட்டர் தள்ளிவிட்டால் 39 ஆகிவிடும். ஒரு ஆள் உடம்பை ஒடுக்காமல் இறங்க 55, 60 சென்டிமீட்டராவது வேண்டும். அதாவது 15 வருடத்துக்கு முன்னால் கொஞ்சம் கோணலாக விட்டாலும் யாருக்கும் வலிக்காத இடத்தில் இன்று அரை அடி கோணலும் வலிக்கிறது. எதிராளி நிஜமாகவே 'நான் எப்பவும் விடற மாதிரிதானே விடறேன்' என்று நம்பிக்கொண்டிருக்கலாம், போன வருடம்வரை அவரிடம் சின்ன வண்டி இருந்திருக்கும்.

அளந்ததை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஸ்லாட், அவர் ஸ்லாட், இரண்டு வண்டியின் அகலம், கோட்டிலிருந்து அவர் சக்கரம் எத்தனை சென்டிமீட்டர் வெளியே இருக்கிறது. அவ்வளவுதான்.

நேரில் போய்ப் பேசுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம்

குரூப்பில் போட்டோ போட்ட மறுநிமிடம் அவர் 48 வீட்டுக்கு முன்னால் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலைமைக்கு வந்துவிடுகிறார். அதற்கப்புறம் அவர் வண்டியை நகர்த்தினால் தோற்ற மாதிரி, அதனால் நகர்த்த மாட்டார். உங்கள் பழைய தப்பையெல்லாம் தேடி எடுப்பார், உங்கள் பையன் லிஃப்டில் குதித்தது உட்பட. ஒரு சின்னக் கோட்டு விஷயம் இரண்டு குடும்பம் பேசாமல் போகிற அளவுக்கு வளர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன், அந்த இரண்டு வீட்டுக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் படித்தார்கள்.

அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட, கார் பக்கத்தில் வைத்துப் பேசுவது நல்லது. 'சார், ரெண்டு நிமிஷம் கீழே வர முடியுமா, வண்டி விஷயமா ஒண்ணு காட்டணும்' என்று சொல்லுங்கள். வந்ததும் 'நீங்க இப்படி விட்டுட்டீங்க' என்று ஆரம்பிக்காமல், உங்கள் கதவைத் திறந்து காட்டுங்கள். அது இடிக்காமல் எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும். அப்புறம் கேளுங்கள்: 'அந்தப் பக்கம் தள்ளி விடறதுல உங்களுக்கு ஏதாவது சிரமம் இருக்கா சார்?'

இந்தக் கேள்வியை நான் முதல்முதலாகக் கேட்டது என் பக்கத்து ஸ்லாட்காரரிடம். மூன்று வாரமாக அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம். என் அம்மாவுக்கு முட்டி வலி, அவரால் அந்தச் சந்தில் நுழைந்து ஏற முடியாது, ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் நான் வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுத்துக்கொண்டு போய் நிறுத்த, அவர் மழையில் குடை பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வருவார். கேள்வியைக் கேட்டதும் பக்கத்து ஸ்லாட்காரர் பதில் எதுவும் சொல்லாமல் தன் காரின் பானெட்டைக் காட்டினார். கருநீல வண்டி. இடது ஓரத்தில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. தலையைத் தூக்கி மேலே காட்டினார். ஸ்டில்ட்டின், அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கிற பார்க்கிங் தளத்தின், கூரையில் ஓடுகிற பைப்பின் ஜாயின்ட்டில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. இப்படிச் சொட்டுகிற தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பெயின்ட்டில் பட்டுக் காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். அவர் அந்தச் சொட்டுக்குத் தப்பித்துத்தான் இரண்டடி என் பக்கம் தள்ளி விட்டிருக்கிறார். கமிட்டியில் இரண்டு தரம் சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை என்றார். மறுநாள் பிளம்பர் வந்து ஜாயின்ட்டை மாற்றினார். அன்று இரவே அவர் வண்டி கோட்டுக்குள் நின்றது, நான் அவரிடம் ஒரு வார்த்தைகூட மறுபடி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்படிப் பல காரணங்கள் வரும். தூணில் ஒருமுறை பின்கதவு உரசிவிட்டது, அதிலிருந்து தூண் பக்கம் போகவே பயம். இதற்குத் தூணின் முனையில் ரப்பரோ ஃபோமோ ஒட்டிவிட்டால் போதும், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்டவர் என்றால் நேராக ரிவர்ஸ் எடுக்க வரவில்லை, கேட்கவும் கூச்சம். இவர்களுக்குப் பின்சுவரில், ஸ்லாட்டின் நடுவில், மஞ்சள் ஒளிர்டேப் ஒரு கோடு செங்குத்தாக ஒட்டிக்கொடுங்கள், ரிவர்ஸ் கேமராவில் அந்தக் கோடு நடுவில் தெரிகிற மாதிரி வந்தால் வண்டி தானாக நேராக நிற்கும். முன்னால் அதிகம் நீட்டி விடுகிறவர்களுக்கு, கூரையிலிருந்து ஒரு டென்னிஸ் பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வண்டிக் கண்ணாடியில் அது தொட்டதும் நிறுத்தச் சொல்லலாம். விளையாட்டாகத் தெரியும், ஆனால் நன்றாக வேலை செய்கிறது. இன்னும் சிலர் விடிகாலையில் கார் துடைக்க வருகிறவர் பக்கெட்டோடு நுழைய வேண்டும் என்று இடம் விடுவார்கள். அதற்கு, துடைக்கிறவரிடமே நேரம் பேசி, பக்கத்து வண்டி கிளம்பிய பிறகு வரச் சொல்லிவிடலாம்.

புது வண்டி, கீறல் விழுந்துவிடும், அதனால்தான் தள்ளி விடுகிறேன் என்று நேராகச் சொல்கிறவரும் உண்டு. இங்கே நியாயம் அவர் பக்கம் இல்லை, ஆனால் பயம் உண்மையானது. 'என் கதவு ஓரத்துல ரப்பர் பீடிங் ஒட்டிடறேன் சார், நீங்க கோட்டுக்குள்ள வந்துடுங்க' என்று நீங்கள் ஒரு அடி எடுத்து வைத்தால் அவர் அடுத்த அடி வைக்காமல் இருப்பது கஷ்டம். இன்னொன்று, இருவருமே தலை உள்ளே இருக்கிற மாதிரி விடாமல், ஒருவர் முன்பக்கமாகவும் மற்றவர் பின்பக்கமாகவும் விட்டால் டிரைவர் கதவுகள் இரண்டும் ஒரே இடைவெளியிலோ, அல்லது இரண்டும் வெளிப்பக்கத்திலோ வரும். எது உங்கள் இடத்துக்குச் சரி என்று ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து விட்டுப் பாருங்கள்.

பேசியும் நகரவில்லை என்றால்

இரண்டு முறை நேரில், ஒருமுறை தனியாக மெசேஜில் சொல்லிப் பாருங்கள். அப்புறமும் அப்படியே என்றால் அசோசியேஷனுக்கு எழுத்தில் கொடுங்கள், போட்டோக்களோடும் அந்த அளவுத் தாளோடும். வாய்ச்சொல்லாகச் சொன்ன புகார் அடுத்த மீட்டிங்குக்குள் மறந்துபோகும். அவர் குணத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம், தேதி, ஸ்லாட் நம்பர், எத்தனை சென்டிமீட்டர், எத்தனை நாள், இவ்வளவு போதும்.

அதற்கு முன் உங்கள் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையில் பெரும்பாலும் மனைப்பங்குக் கிரயப் பத்திரம் தனி, கட்டுமான ஒப்பந்தம் தனி. கார் பார்க்கிங் பற்றிய வாசகம் கட்டுமான ஒப்பந்தத்திலோ, பில்டர் கொடுத்த ஒதுக்கீட்டுக் கடிதத்திலோதான் இருக்கும். ஒரு மூடிய கார் பார்க்கிங் என்று மட்டும் எழுதி, நம்பர் போடாமல் விட்டிருப்பார்கள். அப்படி என்றால் எந்த ஸ்லாட் என்று காட்டக் கமிட்டியின் ஒதுக்கீட்டுப் பட்டியல்தான் உங்களுக்கு ஆதாரம்.

'நான் காசு கொடுத்து வாங்கின இடம், எப்படி வேணா விடுவேன்' என்று ஒருவர் மீட்டிங்கில் எழுந்து நிற்பார். 2010-ல் மும்பைக் கட்டடம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்டில்ட் பார்க்கிங்கைப் பில்டர் தனி ஃபிளாட் போல விற்க முடியாது, அது பொது இடத்தைச் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டமும் திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொது இடத்தில்தான் சேர்க்கிறது. ஆனால் இதை வைத்து யாருக்கு எது சொந்தம் என்ற விவாதத்தை நீங்களே கிளப்பாதீர்கள், கிளப்பினால் உங்கள் ஸ்லாட்டும் சேர்ந்து ஆடும். ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பொதுக்குழுவில் வைத்து, கோடு எங்கே என்பதோடு சேர்த்துத் தீர்மானமாக நிறைவேற்றிக்கொள்வதே எல்லோருக்கும் பாதுகாப்பு.

கமிட்டி செய்ய வேண்டிய முதல் வேலை, அபராதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எல்லா ஸ்லாட்டையும் அளந்து புதுசாகக் கோடு அடிப்பது. மங்கிப்போன கோட்டைத் தாண்டினார் என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வண்டியையும் தெருவில் எடுத்து விட்டுவிட்டு, அளந்து, நாலு அங்குல அகலத்தில் மஞ்சள் கோடு அடித்து, தரையில் மட்டுமில்லாமல் பின்சுவரிலும் ஸ்லாட் நம்பரைப் போட்டோம். அதற்கடுத்த இரண்டு மாதத்தில் எனக்கு வந்த புகார் ஒன்றே ஒன்று. அந்த 2.3 மீட்டர் ஸ்லாட்டைச் சின்ன கார் வைத்திருந்தவருக்கு மாற்றிக்கொடுத்தோம், இரண்டு வீட்டு உரிமையாளர்களும் கையெழுத்துப் போட்டு. வாடகைக்கு இருப்பவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு உரிமையாளருக்குச் சொல்லாமல் விட்டால் பின்னால் பெரிய குழப்பம் வரும்.

புதிதாக ஒருவர் குடிவரும்போது செக்ரட்டரியோ வேறு யாரோ அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போய், அவர் வண்டியை விடச் சொல்லி, இதுதான் சார் உங்கள் இடம் என்று காட்டிவிட வேண்டும். மெயின்டனன்ஸ் எவ்வளவு, குப்பை எங்கே என்று சொல்கிறோம், இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஒன்றில் மட்டும் தயவு தாட்சண்யம் கூடாது, வண்டி போகிற வழியில் நிறுத்துவது. ஒருநாள் இரவு மூன்றாவது மாடிப் பெரியவருக்கு மூச்சுத்திணறல் வந்து 108 ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டாவது கார் வைத்திருந்த ஒருவர் அதைப் பாதையின் ஓரத்தில் குறுக்காக விட்டிருந்தார். ஆம்புலன்ஸ் உள்ளே திரும்ப முடியாமல் கேட்டிலேயே நின்றது, ஸ்ட்ரெச்சரைக் கார்களுக்கு நடுவே பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியவர் பிழைத்து வந்தார். அந்தப் பாதையில் அன்றிலிருந்து யாரும், ஐந்து நிமிடம் என்றாலும், நிறுத்தக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். இதற்கு நீங்கள் கமிட்டியை விடாமல் நச்சரித்தாலும் தப்பே இல்லை.

கோபத்தில் செய்துவிடாதீர்கள்

காற்றைப் பிடுங்கிவிடுவது, சாவியால் கீறுவது, வைப்பரை மடக்கிவிடுவது. பொருளுக்குச் சேதம் செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-வது பிரிவில் குற்றம், இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்டில்ட்டில் கேமரா இருக்கிறது, அவர் 20 தடவை கோட்டைத் தாண்டியது மறந்துபோய் நீங்கள் ஒரு தடவை கீறியதுதான் ஸ்டேஷனில் பேசப்படும். பழிக்குப் பழி என்று உங்கள் வண்டியை அவர் வண்டிக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தி வழியை அடைப்பதும் வேண்டாம். அவர் வீட்டில் அன்று என்ன அவசரம் என்று உங்களுக்குத் தெரியாது.

கண்ணாடியில் சீட்டு வைப்பதானால் இப்படி எழுதுங்கள்: 'வணக்கம். உங்கள் வண்டி 12-ஆம் ஸ்லாட்டுக்குள் ஒரு அடி வந்திருக்கிறது, எனக்குக் கதவு திறக்கவில்லை. கொஞ்சம் தள்ளி விட்டால் உதவியாக இருக்கும். பி3.' கீழே உங்கள் வீட்டு எண்ணைப் போடுங்கள். பெயரில்லாமல் வரும் சீட்டு எல்லோருக்கும் எரிச்சலைத்தான் கிளப்பும்.

வீட்டுக்கு வெளியே

மாலில் ஒருவர் இரண்டு ஸ்லாட்டை அடைத்து நிறுத்தியிருந்தால், வேறு இடம் இருக்கிறதா என்று பார்த்துப் போய்விடுங்கள். மீதியிருக்கிற ஒன்றரை அடியில் நுழைத்து விட்டீர்கள் என்றால் அவர் வண்டியில் ஏற்கெனவே இருக்கிற கீறலும் உங்கள் கணக்கில் வரும். வேறு இடமே இல்லை என்றால் தூண் எண்ணையும் வண்டி எண்ணையும் செக்யூரிட்டியிடம் கொடுங்கள், மைக்கில் அறிவிப்பார்கள். எம்பரிவாஹன் என்ற அரசுச் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் வண்டி மாடலும் பதிவு அலுவலகமும் தெரியும், உரிமையாளர் பெயர் பாதி மறைத்துத்தான் வரும், போன் நம்பர் வராது. அதனால் அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தெருவில் உங்கள் கேட்டை அடைத்து நிறுத்தினால் சட்டம் தெளிவாக உங்கள் பக்கம். ஒரு கட்டடத்தின் வாசலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது. கேட்டும் வண்டி எண்ணும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துப் போக்குவரத்துக் காவல்துறைக்கு அனுப்புங்கள், அவசரம் என்றால் 112. காம்பவுண்டுக்குள் நடப்பதற்கு அவர்கள் வருவது அபூர்வம், அது அசோசியேஷன் வேலை. அதேபோல், உங்கள் வீட்டு முன்னால் இருக்கிற தெரு உங்களுடையது இல்லை. கல்லையும் பூந்தொட்டியையும் பழைய டயரையும் போட்டு இடம் பிடிப்பது இரண்டு ஸ்லாட்டில் ஒரு கார் விடுவதைப் போன்றதுதான்.

மழைக்காலத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதே, அந்த மாதிரி நாட்களில் பேஸ்மென்ட்டிலும் பள்ளமான ஸ்லாட்டிலும் இருப்பவர்கள் மேட்டுக்கு வண்டியை ஏற்றத்தான் செய்வார்கள். அந்த நாலு நாள் கோடு பார்க்காமல் இடம் கொடுங்கள்.

முன்பெல்லாம் நெருக்கமான இடத்தில் ஹேண்ட்பிரேக் போடாமல் நியூட்ரலில் விட்டுவிட்டுப் போவார்கள், வேண்டியவர் தள்ளிக்கொள்வார். இப்போது ஆட்டோமேட்டிக் வண்டிகளும் எலெக்ட்ரானிக் பிரேக்கும் வந்துவிட்டதால் அது நடக்காது. அதனால் வண்டியை நகர்த்த யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி உங்கள் வண்டி டேஷ்போர்டில் ஒரு சீட்டு வையுங்கள். சொந்த போன் நம்பரை வெளியே காட்டத் தயக்கமாக இருந்தால், பெண்களுக்கு அந்தத் தயக்கம் நியாயமானது, வீட்டு எண்ணையும் உங்கள் கட்டட வாட்ச்மேன் நம்பரையும் எழுதி, வெயிலில் மங்காமல் இருக்க லேமினேட் செய்து வைத்துவிடுங்கள்.